தூக்குவது வேறு, தாங்குவது வேறு

பரீட்சை முடிந்து ஒரு வாரம் ஆகிறது. காஸ்ட் அக்கவுண்டிங் மண்டையை விட்டு இறங்கிய சந்தோஷத்தில் இந்தப் பதிவு. பி.காம் படிக்கிறவனுக்கு காருக்கு அடியில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். காரணம் இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

நான் ஒன்பதாவது படித்தபோது நடந்தது. எங்கள் சித்தப்பாவிடம் ஒரு பழைய மாருதி 800 இருந்தது. முன் சக்கரத்துப் பக்கம் கடகடவென்று சத்தம் வருகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே களத்தில் இறங்கிவிட்டார். வண்டியோடு வந்த ஜாக்கியைப் போட்டுத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, பழைய சாக்கு ஒன்றை விரித்து அடியில் போய்ப் படுத்தார். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் உதவியாளன். "சித்தப்பா, ஹேண்ட் பிரேக் போடலையே?" என்று கேட்டேன். "கேபிள் லூசா இருக்குடா, கியர்ல போட்டிருக்கேன், நகராது" என்றார்.

அரைமணி நேரம் கழித்து டீ குடிக்க வெளியே வந்தார். டம்ளரைக் கையில் வாங்கியிருப்பார், அவ்வளவுதான். போர்டிகோவின் சின்னச் சரிவில் வண்டி மெல்ல நகர்ந்தது. ஜாக்கி சாய்ந்தது. டமாரென்று வண்டி தரையில் உட்கார்ந்தது. சாக்கு அடியில் மாட்டிக்கொண்டது. யாரும் எதுவும் பேசவில்லை. பாட்டி மட்டும் சித்தப்பாவை நிற்க வைத்துத் திருஷ்டி கழித்தார்.

அந்தச் சாக்கு ரொம்ப நாள் என் மண்டைக்குள் இருந்தது. அதனால்தான் இந்த ஜாக்கி எங்கிருந்து வந்தது, ஏன் இப்படிக் காலை வாரிவிடுகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் எனக்குப் புரிந்தது ஒரே ஒரு விஷயம். ஜாக்கியின் வரலாறு முழுக்க மனிதன் தூக்குவதற்குத்தான் மூளையைச் செலவழித்திருக்கிறான். தாங்குவதைப் படுத்திருக்கிறவன் தலையில் விட்டுவிட்டான்.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

கனமான பொருளைத் தூக்க நெம்புகோலும் திருகும் பழங்காலத்திலிருந்தே இருக்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் பாஸ்கல், அடைபட்ட திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பரவும் என்று கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்தில் நாம் மனப்பாடம் செய்த அதே விதிதான். அதை வைத்து இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795ல் ஹைட்ராலிக் அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1851ல் நியூயார்க்கில் ரிச்சர்ட் டட்ஜியன் என்பவர் கையில் எடுத்துக்கொண்டு போகக்கூடிய ஹைட்ராலிக் ஜாக்கிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று மெக்கானிக் கடையில் நாம் பார்க்கும் டிராலி ஜாக்கிக்கு அதுதான் தாத்தா. வேடிக்கை என்னவென்றால், கார் என்ற பொருள் வருவதற்கு முன்பே அதே டட்ஜியன் நீராவியில் ஓடும் வண்டியும் செய்து பார்த்தவர்.

இந்தக் காலத்தில் ஜாக்கியைப் பிடித்தவர்கள் எல்லாம் தொழில் தெரிந்த ஆட்கள். அதற்கு நல்ல உதாரணம் சிகாகோ. அந்த நகரம் ஏரிக்கரையில் தாழ்வாகக் கிடந்தது. சாக்கடைத் தண்ணீர் வடியவில்லை, நோய் பரவியது. என்ன செய்தார்கள் தெரியுமா? 1850களிலும் 60களிலும் கட்டடங்களையே தூக்கி உயர்த்தினார்கள்! 1860ல் லேக் தெருவில் ஒரு வரிசைக் கட்டடங்களை மொத்தமாகத் தூக்க சுமார் 600 ஆட்களும் 6,000 திருகு ஜாக்கிகளும் தேவைப்பட்டன. மேலே கடைகளில் வியாபாரம் பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஆனால் தூக்கியதோடு அவர்கள் வேலை முடியவில்லை. கீழே புது அஸ்திவாரம் கட்டி, பாரத்தை அதன்மேல் இறக்கிய பிறகுதான் ஜாக்கியை எடுத்தார்கள். ஜாக்கி என்பது பாரத்தை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகிற கூலிக்காரன், வீட்டைச் சுமக்கிற தூண் அல்ல என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊரிலும் இது தெரிந்த விஷயம்தானே? குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்காமல் எந்த விவசாயியாவது விடுவாரா?

அப்புறம் 1908ல் ஹென்றி ஃபோர்டின் மாடல் டி வந்தது. முதலில் 850 டாலர். உற்பத்தி பெருகப் பெருக விலை இறங்கி 1925ல் 260 டாலருக்கு வந்தது. 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்தார்கள். (அளவு கூடினால் அடக்கவிலை குறையும் என்பதற்கு எங்கள் வாத்தியார் சொல்லும் முதல் உதாரணம் இதுதான்!) வாங்கியவர்களில் பலர் விவசாயிகள். பக்கத்தில் மெக்கானிக் கிடையாது. ரோடும் மோசம், டயரும் மோசம், அடிக்கடி பஞ்சர். அதனால் வண்டியோடு டூல்ஸும் ஜாக்கியும் கொடுத்தார்கள்.

என் பார்வையில் விவகாரம் இங்கேதான் ஆரம்பித்தது. 600 ஆட்களோடும் அஸ்திவாரத்தோடும் இருந்த ஜாக்கி, இப்போது தனி மனிதன் கையில் தன்னந்தனியாக வந்து சேர்ந்தது. கம்பெனி கொடுத்தது டயர் மாற்றுவதற்கு. டயர் மாற்றும்போது நாம் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். ஆனால் கையில் ஜாக்கி இருந்தால் அடியில் நுழைந்து பார்க்கலாமே என்று யாருக்குத்தான் தோன்றாது?

தொழில் செய்யும் கடைகள் மட்டும் வேறு வழியில் முன்னேறின. குழி வெட்டி அதன்மேல் வண்டியை நிறுத்தினார்கள். 1925ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரத்தில் பீட்டர் லுனாட்டி என்பவர், சலூன் நாற்காலி மேலே ஏறுவதைப் பார்த்து அதே மாதிரி காரைத் தூக்கும் ஹைட்ராலிக் லிஃப்டுக்குக் காப்புரிமை வாங்கினார். சர்வீஸ் ஸ்டேஷனில் வண்டிக்குக் கீழே ஆட்கள் நின்றுகொண்டு வேலை பார்க்கிறார்களே, அது சலூன் நாற்காலி போட்ட பிச்சை :-)

வீட்டுக்காரருக்கு வந்ததோ பம்பர் ஜாக்கி. 1970கள் வரைக்கும் பல அமெரிக்கக் கார்களின் டிக்கியில் இதுதான் இருந்தது. ஒல்லியான ஒரு கம்பம், அதன் அடியில் சின்னத் தகடு, பம்பரில் மாட்ட ஒரு கொக்கி. வண்டி கொஞ்சம் அசைந்தால் கம்பம் சாயும். அப்புறம் சிசர் ஜாக்கி பரவியது. அது குள்ளமானது, கொஞ்சம் தேவலை. ஆனால் அதுவும் ஸ்டெப்னி மாற்றத்தான்.

சட்டமும் ஒரு கட்டத்தில் விழித்துக்கொண்டது. அமெரிக்காவில் 1970ல் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் வந்த விதிகளில் ஜாக்கிக்கென்று ஒன்று இருக்கிறது. பாரத்தைத் தூக்கியவுடனே கட்டையோ வேறு முட்டோ கொடுத்து நிலைப்படுத்த வேண்டும் என்கிறது. சிகாகோக்காரர்களுக்குத் தெரிந்த அதே பாடம்தான். ஆனால் அது முதலாளி - தொழிலாளி இருக்கும் இடத்துக்கான சட்டம். ஞாயிற்றுக்கிழமை போர்டிகோவில் சித்தப்பாவே முதலாளி, சித்தப்பாவே தொழிலாளி. யார் யாருக்கு விதி போடுவது?

வீட்டில் வேலை பார்ப்பவருக்கு வரலாறு கொடுத்த ஒரே நல்ல பொருள் ஜாக்கி ஸ்டாண்டு. மூன்று நான்கு கால் உள்ள இரும்பு முக்காலி. நடுவில் பற்கள் உள்ள தண்டு, அதைப் பிடித்து நிறுத்த ஒரு நாக்கு. எண்ணெய் இல்லை, ரப்பர் வளையம் இல்லை, கசிய எதுவும் இல்லை. சும்மா நிற்பதுதான் அதன் வேலை.

அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது என்று 2020 காட்டியது. அமெரிக்காவின் ஹார்பர் ஃபிரைட் நிறுவனம் தான் விற்ற சுமார் 17 லட்சம் ஸ்டாண்டுகளைத் திரும்பப் பெற்றது. வார்ப்பு அச்சுகள் தேய்ந்துபோனதால் சிலவற்றில் பல்லும் நாக்கும் சரியாகக் கவ்வவில்லை. அதைவிடக் கொடுமை, மாற்றாகக் கொடுத்த ஒரு மாடலிலும் வெல்டிங் குறை இருந்ததால் அதே வருடம் அதையும் திரும்பக் கேட்டார்கள். அச்சு தேய்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் அந்தச் செலவு எங்கே போய் விடியும் என்பது எங்கள் மேஜர் சப்ஜெக்ட்டுக்கே ஒரு பாடம்.

"மாட்டிக்கொண்டால் கத்தினால் யாராவது வருவார்களே" என்று நினைக்கிறீர்களா? அதற்கும் வரலாற்றில் பதில் இருக்கிறது. 1837ல் ஒலிவியே என்ற பிரெஞ்சு மருத்துவர், பாரிஸ் நகரக் கூட்ட நெரிசலில் நசுங்கி இறந்தவர்களை ஆராய்ந்து எழுதினார். மார்பு அழுத்தப்பட்டால் நெஞ்சுக்கூடு விரியாது. விரியாவிட்டால் மூச்சு உள்ளே போகாது. மூச்சில்லாமல் குரலும் வராது. கார் மார்பில் இறங்கினாலும் இதேதான். மாருதி 800 மாதிரிச் சின்ன வண்டியே சுமார் 650 கிலோ. ஒரு முன் சக்கரத்தின் பங்கு மட்டும் கிட்டத்தட்ட 200 கிலோ. கத்தக்கூட முடியாது நண்பர்களே. அதனால்தான் தனியாக இருக்கும்போது அடியில் போகாதே என்கிறார்கள்.

நல்லவிதமாக முடிந்த கதைகளும் உண்டு. 1982ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஜாக்கியிலிருந்து விழுந்த காருக்கு அடியில் மகன் மாட்டிக்கொள்ள, ஓர் அம்மா வண்டியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினார். 2012ல் வர்ஜீனியாவில் 22 வயதுப் பெண் ஒருவர் இதே மாதிரி தன் அப்பாவைக் காப்பாற்றினார். ஹல்க் கதாபாத்திரத்தை 1962ல் உருவாக்கியவர்களில் ஒருவரான ஜாக் கிர்பி, குழந்தைக்காகக் காரைத் தூக்கிய ஒரு தாயைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்தது என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். படிக்கச் சிலிர்க்கிறது. ஆனால் இவர்கள் தூக்கியது முழுக் காரை அல்ல, ஒரு மூலையைச் சில அங்குலம். அதுவும் பக்கத்தில் ஆள் இருந்ததால் நடந்தது. ஆஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் அங்கே வருடத்துக்குச் சராசரியாக ஐந்து பேர் இப்படி இறப்பதாகச் சொல்லி எச்சரித்திருக்கிறது. ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் அங்கே கட்டாயத் தர விதிகள் இருந்தும் இந்த நிலைமை.

இப்போது சித்தப்பாவின் வண்டிக்கு வருகிறேன். "கியரில் போட்டிருக்கிறேன்" என்றாரே, அது ஏன் பிடிக்கவில்லை? மாருதி 800க்கு முன் சக்கரங்களில்தான் இன்ஜின் சக்தி போகிறது. ஒரு முன் சக்கரத்தைத் தூக்கிவிட்டால், நடுவில் உள்ள டிஃபரன்ஷியல் காற்றில் இருக்கும் பக்கத்தைப் பின்னால் சுழலவிட்டு, தரையில் இருக்கும் சக்கரத்தை முன்னால் உருளவிடும். அவர் நம்பிய பூட்டு, ஜாக்கி ஏறிய நிமிடமே திறந்துவிட்டது.

அவர் என்ன செய்திருக்க வேண்டும்? சமதளமான, கெட்டியான தரை. ஹேண்ட் பிரேக்கை முதலில் சரி செய்வது. தூக்காத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை. வண்டியின் புத்தகத்தில் சொன்ன இடத்தில் ஜாக்கி. தூக்கியவுடன் ஸ்டாண்டு (பலவற்றில் அச்சிட்டிருக்கும் எடை ஒரு ஜோடிக்கானது, கவனம்). செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் வேண்டாம், திடீரென்று நொறுங்கும். உள்ளே போகும் முன் வண்டியை ஒரு தடவை பலமாக ஆட்டிப் பார்ப்பது. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்க வைப்பது, எல்லாம் கைவிட்டாலும் அது கொஞ்சம் இடம் கொடுக்கும். பக்கத்தில் ஓர் ஆள்.

எங்கள் பாடத்தில் ஒரு வாக்கியம் வரும். குறுகிய காலக் கடனை வாங்கி நீண்ட கால முதலீட்டில் போடாதே என்று. கடன்காரன் எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்பான். ஜாக்கி அந்த மாதிரிக் கடன். அதன்மேல் உயிரை முதலீடு செய்யக்கூடாது.

சித்தப்பா இப்போது ஸ்டாண்டு வாங்கிவிட்டார். ஒரு ஜோடி. அந்தச் சாக்கைப் பாட்டி தூக்கிப் போடவில்லை, இன்னும் ஸ்டோர் ரூமில் மடித்து வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு சித்தப்பா இருப்பார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்பேனரைத் தேடும்போது, முட்டுக் கொடுத்தாச்சா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

மீண்டும் சந்திப்போம்.