இப்னு ஃபிர்னாஸ் மறந்த வால்

அந்தலுஸின் அறிஞர் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் (மறைவு ஹிஜ்ரி 274, கி.பி. 887) வானில் பறந்த முதல் மனிதர் என்று மேடைகளில் பெருமையுடன் கூறப்படுவதை நாம் கேட்டு வருகிறோம். பறந்தார் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அச்செய்தியின் பிற்பகுதியை எடுத்துரைப்பார் அரிது. அறிவுக்குரிய செல்வமோ அப்பிற்பகுதியில்தான் இருக்கிறது என்பது நம் கருத்து.

இதனை விரிவாகத் தருபவர் கி.பி. 1632இல் மறைந்த அல்மக்கரீ. நிகழ்ச்சிக்கும் நூலுக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல் கடந்துவிட்டன. இப்னு ஃபிர்னாஸின் காலத்துக் கவிஞர் முஃமின் இப்னு ஸஈத் அதனைக் குறித்துப் பாடியிருப்பதால், செய்தியை வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடவும் இயலாது. இறகுகளைப் போர்த்து, இறக்கைகளைப் பொருத்திச் சற்றுத் தொலைவு சென்ற அவர், இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவை தன் 'ஸிமிக்'கைக் கொண்டு இறங்குவதை அவர் அறியவில்லை. தமக்கென ஒரு வாலையும் அமைத்துக்கொள்ளவில்லை. அல்மக்கரீ கூறும் காரணம் இதுவே.

'ஸிமிக்' என்பதை வெறுமனே 'வால்' என்று மொழிபெயர்த்துக் கடந்துவிடுகின்றனர். அகராதிகள் அதற்குத் தரும் பொருள் பறவை வாலின் அடிப்பகுதி என்பதாகும். கோழிக்கறி உண்பவர் அனைவரும் அறிந்த அந்தச் சதைப்பற்றான கூர்முனைதான் அது. அதனுள்ளே கடைசி முள்ளெலும்புகள் ஒன்றாய் இணைந்து ஒரே எலும்பாகியிருக்கின்றன. வால் இறகுகளை விசிறிபோல் விரிக்கவும் சுருக்கவும் பிடிமானம் அதுவே. வேடந்தாங்கலில் நத்தைகுத்தி நாரை இறங்குவதை நோக்குங்கள்: உடலை நிமிர்த்தி, வாலை விரித்து, வேகம் தணிந்தபின் காலூன்றுகிறது. வாலின்மீது அது விழுவதில்லை. எனினும் அன்றைய அறிஞர் குறையின் இடத்தைச் சரியாகவே கண்டிருக்கிறார்.

அவ்வெலும்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 1861இல் ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் சுண்ணாம்புப் பாறையிலிருந்து அறியப்பட்ட ஆர்க்கியாப்டெரிக்ஸ் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது. இறகுகள் இருந்தன, பற்களும் இறக்கை நகங்களும் பல்லிக்குரிய நீண்ட எலும்பு வாலும் உடனிருந்தன. 1996இல் சீனத்து லியாவ்னிங்கில் பறக்க இயலாத ஒரு சிறு டைனோசரின் மேனியில் இறகின் முன்னோடியான மெல்லிய இழைகள் காணப்பட்டபோது, அவை பறப்பதற்கு முன்பே தோன்றியவை என்பது தெளிவாயிற்று. முதலில் அவை வெப்பம் காக்கவோ அழகு காட்டவோ உதவியிருக்கலாம். குட்டை வால் பிற்காலத்தது என்றே நெடுநாள் எண்ணப்பட்டது. 2025இல் ஃபுஜியானிலிருந்து அறிவிக்கப்பட்ட பாமினோர்னிஸ், ஆர்க்கியாப்டெரிக்ஸின் காலத்திலேயே வாலெலும்புகள் இணைந்த பறவை இருந்ததைக் காட்டிவிட்டது.

ஆர்க்கியாப்டெரிக்ஸின் புகழ்பெற்ற படிவம் ஒன்று பெர்லின் அருங்காட்சியகத்தில் உள்ளது. 1929–30இல் பம்பாயின் சாலிம் அலி அங்கேதான் பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் பயின்றார். நம் மேடைகள் அவரையும் சற்றே நினைவுகூரலாம்.

இறகின் அமைப்பை நம் முள்ளிப்பட்டுத் தறிக்காரர்களுக்கு விளக்குவது எளிது. நடுத்தண்டிலிருந்து கிளைக்கும் இழைகள், பாவும் ஊடையும்போல ஒன்றையொன்று பற்றுகின்றன. முடிச்சுக்குப் பதிலாக நுண்ணிய கொக்கிகள். பிரிந்தால் அலகால் கோதிப் பறவையே மீண்டும் பிணைத்துக்கொள்ளும்.

வால் ஒன்று கட்டியிருந்தால் இப்னு ஃபிர்னாஸ் முதுகு நோகாமல் சறுக்கி இறங்கியிருக்கக் கூடும். இறக்கையடித்து மேலெழுந்திருக்க மாட்டார். புறாவின் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் மார்புத் தசை. அது பற்றி நிற்க மார்பெலும்பில் படகின் அடிக்கட்டைபோல் ஒரு மேடு உண்டு. மனிதனின் மார்பெலும்போ தட்டை.