சொல் பிரிப்பு: கல்வெட்டு முதல் இணைய முகவரி வரை

செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் பல்லவர் காலத்து அதிரணசண்ட மண்டபம் உள்ளது. அதன் சுவர்களில் கிரந்தம், நாகரி ஆகிய இரு எழுத்துகளிலும் வடமொழிக் கல்வெட்டுகள் காணப்படுகின்றன. அக்காலக் கல்வெட்டுகளில் சொற்களுக்கிடையே பொதுவாக இடைவெளி விடுவதில்லை; படிப்பவரே பிரித்தறிய வேண்டும். ஓலைச்சுவடியிலும் தொடர்ந்த இவ்வழக்கம் அச்சு பரவியபின் மாறியது.

இணைய முகவரியில் இடைவெளிக்கு இடமில்லை. இட்டால் அது %20 என மாறிவிடும். ஆகவே விக்கிப்பீடியா சொற்களுக்கிடையே அடிக்கோடு இடுகிறது. கூகுள் தேடுபொறி சிறுகோட்டைப் பரிந்துரைக்கிறது. தமிழ் முகவரிக்கு நீளமும் ஒரு சிக்கலாகும். 'மாமல்லபுரம்' என்ற ஒரு சொல்லே குறியேற்றத்தில் 99 குறிகளாக விரியும்.

புணர்ச்சி மற்றொரு சிக்கல். 'கடற்கரைக்கோயில்' எனச் சேர்த்தால் 'கோயில்' தனிச்சொல்லாக நிற்காது. 'கடற்கரை-கோயில்' எனப் பிரித்தால் வல்லெழுத்து மறையும். அன்று படிப்பவர் செய்த பிரிப்பை இன்று முகவரி இடுபவரே முன்கூட்டிச் செய்ய வேண்டியுள்ளது.