நெருப்பும் நீரும் நிலமும்

தலவாக்கலையில் இருந்துகொண்டு கடற்கரையைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் திம்புள்ளப் பள்ளத்தாக்கின் அருவியும் கற்பிட்டிக் கரையில் இறங்கும் நிலக்கரியும் ஒரே வரலாற்றின் இரு அத்தியாயங்களாகும். நாட்டின் மின்சாரத் தேவைக்காக மலையிலே கொத்மலை ஓயாவும், கரையிலே நுரைச்சோலையும் சம்பூரும் தெரிவாகின. மூன்று இடங்களிலும் எதிர்ப்பு எழுந்தது. அது முடிந்த விதம் இடத்துக்கு இடம் வேறுபட்டது.

நுரைச்சோலை அனல் மின்நிலையத்தைத் தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தை முன்னிட்டுக் கத்தோலிக்கர் எதிர்த்தனர். மீனவரும் தோட்டச் செய்கையாளரும் தத்தம் ஜீவனோபாயத்துக்காக எதிர்த்தனர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் தஞ்சம் புகுந்த பிரதேசமும் அதுவே. ஆயினும் 2006 மே மாதத்தில், சீனக் கடனுதவியுடன் வேலை ஆரம்பமாயிற்று. முதற்பிரிவு 2011இல் இயங்கியது. 2014இல் 900 மெகாவாட் பூர்த்தியாயிற்று. நிலக்கரிக் கப்பல்கள் தூரக் கடலில் நிற்க, சிறு கலங்களில் ஏற்றிக் கரைசேர்க்கிறார்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் இறக்க முடியாதாகையால், அம்மாதங்களுக்குத் தேவையானது முன்கூட்டியே கரையில் மலையாகக் குவிக்கப்படுகிறது. அந்தத் தூசும் சாம்பலும் வீட்டிலும் பயிரிலும் படிகின்றன என்பது அயற்கிராமத்தவரின் நீண்டகால முறைப்பாடு.

சம்பூரின் கதை வேறு. 2006இல் யுத்தம் அவ்வூர் மக்களை விரட்டியது. அதே ஆண்டில் அயலிலுள்ள மூதூர் முஸ்லிம்களும் அகதிகளாயினர். ஆளில்லா நிலத்தில் இந்தியாவின் தேசிய அனல்மின் கழகமும் இலங்கை மின்சார சபையும் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் அமைக்க 2011இல் கூட்டுக் கம்பனி கண்டன. சொந்தக் காணி கேட்ட மக்களின் போராட்டமும், கொட்டியாரக் குடாவின் சூழலைக் காக்கும் வழக்கும் ஒரே காலத்தில் நடந்தன. 2016 செப்டெம்பரில், சம்பூரில் அந்நிலையம் அமைக்கப்படாது எனச் சட்டமா அதிபர் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தார்.

அதே ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலும் ஒரு கரை தப்பியது. வாஷிங்டன் மாநிலத்தின் செரி பொயின்ற்றில், ஆண்டுக்கு 4.8 கோடி தொன் நிலக்கரியை ஆசியாவுக்கு அனுப்பும் ஏற்றுமதி முனையத்துக்கு இராணுவப் பொறியியல் படை அனுமதி மறுத்தது. லம்மி பழங்குடியினரின் கையில் 1855ஆம் ஆண்டு உடன்படிக்கை இருந்தது. தங்கள் மீன்பிடி உரிமையை அதைக் காட்டியே நிலைநாட்டினர். நூற்றாறுபது ஆண்டுப் பழைய ஏடொன்று கரையைக் காத்தது.

இனி நம் மலைக்கு வருவோம். மேல் கொத்மலைத் திட்டத்தை மலையகக் கட்சிகளும் சூழலியலாளரும் எதிர்த்தனர். எனினும் தலவாக்கலையில் அணை எழுந்தது. 2012இல் 150 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது. சென் கிளேயர் அருவிக்குப் பகல் வேளையில் நீர் விடுவதென்று ஏற்பாடாயிற்று. அருவிக்குக் கிடைத்த இந்தச் சலுகை நல்லதே. ஆனால் ஒன்றரை நூற்றாண்டாக அப்பள்ளத்தாக்கில் உழைத்தவர், வாழ்ந்த லயத்துக்கு உரிமை காட்ட என்ன வைத்திருந்தனர்? காணி அரசினுடையது, நிர்வாகம் கம்பனியினுடையது. மாற்று வீடு கேட்கலாம், நிலம் எனதென்று சொல்ல உறுதி இல்லை. சம்பூர் மக்களால் "எங்கள் காணி" என்று சொல்ல முடிந்தது; தோட்டத்தில் அந்தச் சொல்லுக்கே இடமிருக்கவில்லை.

நீர், மேய்ச்சல் நிலம், நெருப்பு மூன்றையும் மக்களின் பொது உரிமையாக வைத்தார்கள் நபிகள் நாயகம் (ஸல்). கொத்மலை ஓயாவும் சம்பூர்க் காணியும் நுரைச்சோலை நிலக்கரியும் அம்மூன்றையும் நினைவூட்டுகின்றன. மின்சாரம் எல்லோருக்கும் வேண்டியதே. அதன் விலையை ஒரு சாராரே செலுத்துவதுதான் அநீதி. எதிர்ப்பின் வெற்றிக்குக் குரல் மட்டும் போதாது, ஏடும் வேண்டும். எனவே கரையோர முஸ்லிம் ஊர்கள் தம் பள்ளிவாசல் பதிவேடுகளையும் காணி உறுதிகளையும் கரைவலைப் பாடுகளின் விவரத்தையும் இப்போதே எழுதித் தொகுத்து வைக்கட்டும். மலையகத்தாரும் லயத்துக் குடும்பங்களின் வரலாற்றைத் தோட்டந்தோறும் எழுதட்டும். அடுத்த திட்டம் வரும்போது காட்டுவதற்குக் கையில் ஏதாவது இருக்கவேண்டும்.