பட்டினியிலும் ஒரு நன்றிக் கணக்கு

நாலைந்து நாளாகச் சாப்பிடாத மனிதர் டைரியில் என்ன எழுதுவார்? பசியும் தாகமும் தெரியாமல் காத்த கடவுளுக்கு நன்றி என்று எழுதினார் ஒருவர். நம்புவீர்களா?

அவர் ஆலன் கார்டினர். பிரிட்டிஷ் கடற்படையின் முன்னாள் அதிகாரி. 1850 டிசம்பரில் ஆறு பேருடன் தென் அமெரிக்காவின் தென்கோடியில், பிக்டன் தீவில் இறங்கினார். அங்குள்ள யாகன் மக்களிடம் கிறிஸ்துவத்தைச் சொல்ல வேண்டும். கையில் ஆறு மாதச் சாப்பாடு. துப்பாக்கி இருந்தது. வெடிமருந்து? வந்த கப்பலிலேயே விட்டாச்சு! அப்புறம் எங்கே வேட்டை?

யாகன் மக்களோடும் ஒத்துவரவில்லை. பக்கத்துக் கரையொன்றில் ஒதுங்கினார்கள். உணவுக் கப்பல் வரவில்லை. கடுங்குளிர், ஸ்கர்வி நோய். சிப்பியும் கடற்பாசியும்தான் சாப்பாடு. ஒவ்வொருவராகச் சாக, கார்டினர் நன்றி எழுதிக்கொண்டே இருந்தார். கூடவந்த டாக்டர் ரிச்சர்ட் வில்லியம்ஸின் டைரியும் அதே ரகம்.

காமர்ஸ் படித்த எனக்கு உறுத்துகிறது. வரவுப் பக்கத்தை இத்தனை அக்கறையாக எழுதியவர், கப்பல் கிளம்புமுன் சரக்குப் பட்டியலை ஒரு தடவை சரிபார்த்திருக்கக் கூடாதா? தன் உயிர் சரி, மற்ற ஆறு பேர்? ஆனாலும் அந்தக் கடைசிப் பக்கத்தைக் கேலி செய்ய வாய் வரமாட்டேங்குது.

கடைசிக் குறிப்பு, 1851 செப்டம்பர். 1852 ஜனவரியில் 'டிடோ' போர்க்கப்பல் வந்தபோது அவர் உடல் படகருகே கிடந்தது. விஷயம் தெரிந்ததும் இங்கிலாந்தில் நன்கொடை சேர்ந்தது. 1854-ல் மிஷனுக்குச் சொந்தக் கப்பலே கிளம்பியது. பெயர், 'ஆலன் கார்டினர்'!