ஊக்கம் வேறு, பங்கு வேறு: நகமுரா வழக்கை முன்வைத்து

ஜப்பானின் தொகுஷிமா மாவட்டத்திலுள்ள நிச்சியா நிறுவனத்தில் 1979இல் பணியில் சேர்ந்தவர் ஷூஜி நகமுரா. 1993இல் அந்நிறுவனம் அறிவித்த பிரகாசமான நீல எல்.இ.டி. அவரது ஆய்வின் விளைவு. அது தொடர்பான '404' காப்புரிமைக்கு அவர் பெற்ற சன்மானம் 20,000 யென். அவர் நிச்சியாமீது தொடுத்த வழக்கில் 2004 ஜனவரியில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தரச் சொன்னதோ 2,000 கோடி யென். பத்து லட்சம் மடங்கு.

பரிசு குறைந்தால் புதுமை வாடும் என்போர் இவ்வழக்கையே சான்று காட்டுகின்றனர். வழக்கின் விவரங்கள் அதற்கு இடம் தரவில்லை. நீல எல்.இ.டி. உருவானபோது நகமுராவின் முன் பெரிய பரிசு எதுவும் இல்லை. நிறுவனர் நொபுவோ ஒகவாவின் ஆதரவு இருந்தது. ஆய்வுக்குப் பல கோடி யென் இருந்தது. ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தில் ஓராண்டுப் பயிற்சி கிடைத்தது. பெரிய ஆய்வகங்கள் நீல ஒளிக்குத் துத்தநாக செலினைடை நாடியபோது, பலர் கைவிட்ட காலியம் நைட்ரைடை அவர் எடுத்துக்கொண்டார். படிகம் வளர்க்கும் உலையைத் தம் கையாலேயே மாற்றியமைத்தார். பின்வந்த தலைமை ஆய்வை நிறுத்தச் சொல்லியும் தாம் தொடர்ந்ததாக அவர் கூறுவார். ஊக்கம் என்பது கண்டுபிடிப்புக்கு முன்னர், தோல்விக்கும் சேர்த்துத் தரப்படுவது. இதை எந்தச் சட்டப் பிரிவும் அளந்து தர முடியாது.

பங்கு பின்னர் எழும் நீதிக் கேள்வி. அதை அளப்பதும் எளிதன்று. கண்டுபிடிப்பில் நகமுராவின் பங்கு பாதி என்றது மாவட்ட நீதிமன்றம். 2005 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் ஏற்பட்ட சமரசத்தில், அவரது எல்லாக் கண்டுபிடிப்புகளுக்கும் சேர்த்துத் தாமத வட்டியுடன் சுமார் 84 கோடி யென்தான் கிடைத்தது. இத்தனைக்கும் காரணமான '404' காப்புரிமையை நிச்சியாவே பிறகு கைவிட்டது! லாபத்தில் ஒரு காப்புரிமையின் பங்கைப் பல ஆண்டுகள் கழித்துப் பிரித்தெடுக்கும் கணக்கு அவ்வளவு உறுதியற்றது.

எனவே, தொகையைவிட அதை முடிவு செய்யும் முறைக்கு முதலிடம் தருவதே சரி. 2004இலும் 2015இலும் திருத்தப்பட்ட ஜப்பானியக் காப்புரிமைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு இவ்வழியில் பாதித் தூரம் வந்தது: பணியாளரோடு கலந்துபேசி விதிகளை வகுத்தார்களா, அவற்றை வெளியிட்டார்களா, அவரது கருத்தைக் கேட்டார்களா என்பவை இப்போது முக்கியம். கூடவே, நிறுவனம் முன்கூட்டி விதித்திருந்தால் காப்புரிமை பெறும் உரிமை தொடக்கத்திலேயே அதனிடம் சேரும். பேரம் பேசப் பணியாளர் கையிலிருந்த ஒரே துருப்பும் போய்விட்டது. 1957 முதல் தனிச்சட்டம் வைத்திருக்கும் ஜெர்மனியில், காப்புரிமை அலுவலகத்தோடு இணைந்த சமரசக் குழுவை இருதரப்பும் நாடலாம். அதன் பரிந்துரையை உரிய காலத்தில் ஒரு தரப்பு மறுத்தால் அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் மூன்றாமவர் ஒருவர் கணக்குப் பார்க்கிறார். ஜப்பானியத் திருத்தங்களில் விடுபட்டது அதுவே.

இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்திலோ பணியாளர் கண்டுபிடிப்புக்கான ஈட்டுத்தொகை பற்றித் தனிப்பிரிவே இல்லை. வேலையில் சேரும்போது கையெழுத்திடும் ஒப்பந்தமே பெரும்பாலும் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. நகமுராவுக்கு வழக்குத் தொடுக்க ஒரு சட்டப் பிரிவாவது இருந்தது.