ஒப்புப் பறப்பின் வரலாறு

வரலாறு என்பது அரசரின் முடிசூட்டும் போரும் பற்றியது மட்டும் அன்று. மக்கள் ஆக்கிக் கையாண்ட கருவிகளுக்கும் வரலாறு உண்டு. ஒரு கருவி பிறந்த காரணத்தையும் அது வளர்ந்த வழியையும் ஆராயுமிடத்து, அதனை ஆக்கிய சமுதாயத்தின் தேவையும் அச்சமும் ஆசையும் நமக்குப் புலனாகின்றன. அத்தகைய கருவிகளுள் ஒன்று, நிலத்தை விட்டு நீங்காமலே பறத்தலைப் பயிற்றும் பொறியாகும். சிமியுலேற்றர் என வழங்கும் அதனை ஈண்டு ஒப்புப்பறப்புப் பொறி எனக் கொள்வாம்.

இன்று அப்பொறி தனி அறையையும் பெருஞ் செலவையும் வேண்டி நிற்பதன்று. வீட்டுக் கணினியிலேயே அஃது இயங்குகின்றது. கண்களை மூடிக் கவியும் தலைக்கருவி ஒன்றினை அணிந்துகொண்டால், இருக்கும் அறை மறைந்து விமானியின் ஆசனமும் முகிலும் கீழே விரியும் நிலமும் நாற்புறமும் தோன்றுகின்றன. இதனையே மெய்நிகர்க் காட்சி என்பர். ஆயினும் கணினிக்கு இதனைப் போலச் சுமை மிக்க வேலை வேறு அரிது. காட்சி தடுமாறுகின்றது, தலையைத் திருப்பினால் உலகம் பின்தங்கி வருகின்றது, பார்ப்பவர்க்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாகின்றன. இக்குறையை நீக்குதற்குச் செய்யப்படும் முயற்சிகள் புதியன போலத் தோன்றினும், அவற்றின் வேர் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பழமை உடையது. அவ்வேரைத் தேடிக் காண்பதும், அதனால் நம் மாணவர் பெறத்தக்க படிப்பினை யாதெனக் கூறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னி நிலத்தார்க்கு இப்பொருள் தொலைவானதோ எனச் சிலர் வினவலாம். வானூர்திக்கும் வன்னிக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 5ஆம் நாள் கொழும்பையும் 9ஆம் நாள் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. இத்தீவைக் காக்க முனைந்த பிரித்தானியர் விமானத் தளங்களைப் பெருக்கினர். அவ்வுலகப் போர்க் காலத்தில் வவுனியாவும் அவர்தம் விமானத் தளங்களுள் ஒன்றாயிற்று. பிற்காலத்து உள்நாட்டுப் போரில் இரணைமடுவை அண்டி விடுதலைப் புலிகளின் ஓடுபாதை அமைந்தது. 2007ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அவர்களுடைய சிறு விமானங்கள் கட்டுநாயக்க விமானப்படைத் தளத்தைத் தாக்கின. அதற்கு முன்னும் பின்னும் அரச விமானங்களின் குண்டுவீச்சை வன்னி மக்கள் ஆண்டுக் கணக்கில் அனுபவித்தனர். 2009 மே மாதத்தில் போர் முடியும் வரையில், வானத்தில் எழும் இரைச்சல் இந்நிலத்துச் சிறுவர்க்குப் பதுங்குகுழியை நினைவூட்டும் ஒலியாகவே இருந்தது. அவ்வானத்தை அச்சத்தோடு அன்றி அறிவோடு நோக்கும் ஒரு தலைமுறை இன்று எழுகின்றது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதலாம் நாள் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. ஆதலின் இப்பொருளை நாம் ஆராய்வது தகுதியுடையதே.

ஒப்புப்பறப்பின் கதை ஓர் இசைக்கருவித் தொழிற்சாலையில் தொடங்குகின்றது. அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்துப் பிங்காம்ரன் நகரில் எட்வின் லிங்க் என்பாரின் தந்தையார் பியானோ, ஓர்கன் முதலிய இசைக்கருவிகளைச் செய்துவந்தார். பறத்தலில் வேட்கை கொண்ட மகனார், அப்பயிற்சிக்கு ஆகும் பெருஞ் செலவைக் கண்டு, ஓர்கனின் காற்றுத் துருத்திகளைக் கொண்டே ஒரு சிறு விமானக் கூட்டை அசையச் செய்தார். 1929ஆம் ஆண்டளவில் அப்பொறி உருப்பெற்றது. தொடக்கத்தில் அதனைக் களியாட்டுப் பொருளாகவே பலரும் கருதினர். கேளிக்கைப் பூங்காக்களே அதனை விரும்பி வாங்கின. 1934ஆம் ஆண்டில் அமெரிக்க இராணுவத்தின் விமானப் பிரிவு தபால் சுமக்கும் பணியை ஏற்றபோது, கடுங் குளிர்காலத்து மூடுபனியிலும் இருளிலும் பறக்கப் பயிலாத விமானிகள் பலர் விபத்துக்களில் மாண்டனர். அதன் பின்னரே இராணுவத்தார் லிங்கின் பொறிகள் ஆறினை வாங்கினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலோ பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பொறிகள் செய்யப்பட்டு, பல்லாயிரம் விமானிகள் அவற்றிற் பயின்றனர்.

ஈண்டு ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். லிங்கின் பொறியில் வெளிக்காட்சி என்பது இல்லை. மூடிய கூட்டினுள்ளே அளவைக் கருவிகளின் முட்கள் மட்டுமே விமானிக்குத் தெரிந்தன. ஆயினும் அப்பொறி உயிர்களைக் காத்தது. காரணம் யாது? கையின் அசைவுக்குப் பொறி உடன் விடையளித்தது. முள்ளும் கூடும் ஒன்றோடொன்று ஒத்து அசைந்தன. காட்சியின் பொலிவு இல்லாத இடத்தும் காலத்தின் ஒழுங்கு இருந்தமையால் பயிற்சி மெய்ப்பயிற்சி ஆயிற்று. இவ்வுண்மையைப் பின்வந்தோர் பலகாலும் மறந்தனர். மறந்த போதெல்லாம் இடர்ப்பட்டனர்.

அடுத்த கட்டம் கணினியைச் சார்ந்தது. 1944ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடற்படையினர், பலவகை விமானங்களின் இயல்புகளையும் காட்டவல்ல ஒரே பொறியைச் செய்து தருமாறு மசாசூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தாரை வேண்டினர். ஜே பொறெஸ்ரர் தலைமையில் அப்பணி தொடங்கிற்று. விமானியின் கை அசைந்த கணமே விடை கூறவல்ல எண் கணினி ஒன்று இன்றியமையாதது என அவர் கண்டார். விமானப் பொறி நிறைவேறவே இல்லை. ஆனால் அதன் பொருட்டு எழுந்த வேர்ள்விண்ட் என்னும் கணினி 1951ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. கேட்ட கணத்திலேயே விடையளிக்கும் கணினிகளின் முன்னோடி அதுவே. கணினி இயலின் பெரும் பிரிவொன்று பறத்தலைப் பயிற்றும் முயற்சியிலிருந்து கிளைத்தது என்பது நம் மாணவர் அறிந்து வியக்கத்தக்க செய்தியாகும்.

காட்சியைத் தலையிலேயே அணியும் எண்ணத்தை மெய்ப்பித்தவர் ஐவன் சதர்லாந்து ஆவர். ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் தம் மாணவரின் துணையுடன் அவர் ஆக்கிய தலைக்கருவி 1968இல் வெளிப்பட்டது. கூரையிலிருந்து தொங்கிய இயந்திரக் கை ஒன்று தலையின் அசைவை அளந்தது. அதற்கேற்பக் கோடுகளால் ஆன எளிய உருவங்கள் திரும்பித் தோன்றின. வெறுங் கோடுகளே ஆயினும் அவை தலையோடு ஒத்து அசைந்தமையால், பொருள் தன்முன் நிற்பதாகவே காண்பான் உணர்ந்தான். அதே ஆண்டில் அவர் டேவிட் எவன்ஸ் என்பாருடன் சேர்ந்து நிறுவிய தொழிலகம், பின்னாளில் விமானப் பயிற்சிப் பொறிகளுக்குக் காட்சியமைப்பதிற் புகழ்பெற்றது. தோமஸ் பேர்னஸ் என்பார் அமெரிக்க விமானப்படையில் 1960களின் நடுப்பகுதி தொடக்கம் விமானிகளுக்கான தலைக்கருவிகளை ஆராய்ந்து, 1980களில் அவற்றைச் சிறந்த நிலைக்குக் கொணர்ந்தார்.

இவையெல்லாம் அரசின் செல்வத்தால் இயன்றன. எளியோர் வீட்டுக்கு ஒப்புப்பறப்பைக் கொணர்ந்த பெருமை புறூஸ் ஆட்விக் என்பாரைச் சாரும். இலினோய் பல்கலைக்கழக மாணவராக 1975இல் அவர் எழுதிய ஆய்வு, விமானக் காட்சியைக் கணினியில் வரைவது பற்றியது. அதன் வழிவந்த நிரலை மைக்ரோசொப்ற் நிறுவனம் 1982ஆம் ஆண்டில் வெளியிட்டது. சில கோடுகளால் நிலமும் வானும் காட்டிய அந்நிரலின் வழித்தோன்றல், பிரான்சின் போர்தோ நகரத்து அசோபோ நிறுவனத்தாரால் ஆக்கப்பெற்று 2020 ஓகஸ்ட் 18ஆம் நாள் வெளிவந்தது. செய்மதிப் படங்களைக் கொண்டு உலகம் முழுவதையும் அது காட்டுகின்றது. கனகராயன் ஆற்றின் மேலும் நந்திக்கடலின் மேலும் ஒருவர் அதிற் பறந்து பார்க்கலாம். அவ்வாண்டு டிசெம்பரில் தலைக்கருவி கொண்டு காணும் வசதியும் அதனோடு சேர்ந்தது. 2024 நவம்பரில் அதன் புதிய பதிப்பு வந்தது. காட்சி வளர வளரக் கணினியின் சுமையும் வளர்ந்தது; பழைய சிக்கல் புதிய உருவில் மீண்டது.

அச்சிக்கலின் இயல்பை இனி நோக்குவாம். தலைக்கருவிகள் பல ஒரு செக்கனுக்கு 90 படங்களைக் காட்டுவன. அங்ஙனமாயின் ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் ஏறத்தாழ 11 மில்லிசெக்கன் மட்டுமே. அதற்குள் இரு கண்களுக்கும் தனித்தனியே காட்சி வரையப்படல் வேண்டும். 2020இல் வெளிவந்த குவெஸ்ற் 2 என்னும் தலைக்கருவியில் ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920 படப்புள்ளிகள். இரு கண்களுக்குமாக எழுபது இலட்சத்துக்கு மேலாகும். சாதாரணக் கணினித் திரையில் உள்ளவை ஏறத்தாழ 21 இலட்சமே. இனித் தலை ஒரு செக்கனுக்கு 100 பாகை வேகத்தில் திரும்புவதாகக் கொள்வோம். காட்சி 50 மில்லிசெக்கன் தாழ்ந்து வருமாயின், உலகம் 5 பாகை பிழைபட நிற்கும். உட்செவியின் சமநிலை உறுப்பு ஒன்றைக் கூற, கண் வேறொன்றைக் கூறும். அம்முரண்பாடே குமட்டலுக்குக் காரணம். தலை அசைந்தது முதல் படம் கண்ணை அடைவது வரையுள்ள காலம் 20 மில்லிசெக்கனுக்குள் அடங்குதல் வேண்டும் என அறிஞர் வகுத்தது இதனாலேயே.

இக்காலச் சிக்கனத்தை வன்னி விவசாயி எளிதில் உணர்வார். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடுக் குளத்தின் நீர் சிறுபோகத்துக்கு வயல் முழுவதற்கும் போதாது. ஆதலின் குளத்தின் நீர்மட்டத்தை அளந்து, இத்தனை ஏக்கருக்கே நீர் எனக் கூட்டத்தில் முன்னரே வரையறுப்பர். அவ்வரம்பை மீறி விதைப்பின், கடைசி வாய்க்காலில் மட்டுமன்றி எல்லா வயல்களிலும் பயிர் வாடும். பதினொரு மில்லிசெக்கன் என்பதும் அத்தகைய குளநீரே. அதனைப் பெருக்க இயலாதவன் பங்கீட்டிலே திறமை காட்டல் வேண்டும்.

பங்கீட்டின் முதல் விதி, தாழ்வு எங்கே நிகழ்கின்றது எனக் கண்டறிதல். கணினியில் வேலையாள் இருவர் உளர். மத்திய செயலகம் விமானத்தின் அசைவையும் காற்றையும் போக்குவரத்தையும் கணிக்கின்றது. வரைகலை அட்டை படத்தைத் தீட்டுகின்றது. இருவருள் பிந்துபவரே படத்தின் காலத்தை நிர்ணயிப்பவர். அட்டை பிந்துமாயின் படப்புள்ளிகளைக் குறைத்தல் வேண்டும். நீளத்திலும் அகலத்திலும் நூற்றுக்கு எண்பதாகக் குறைப்பின், மொத்தம் அறுபத்து நான்காகும்; சுமையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் நீங்கும். முகில், நிழல், நீரின் பிரதிபலிப்பு ஆகியனவும் அட்டைக்கே சுமையாவன. செயலகம் பிந்துமாயின் புள்ளிகளைக் குறைத்துப் பயனில்லை. தொலைநிலத்தின் நுணுக்கம், பிற விமானங்களின் தொகை, விமானி அறைத் திரைகள் புதுப்பிக்கப்படும் விரைவு ஆகியவற்றையே குறைத்தல் வேண்டும். நோய் அறியாமல் மருந்து கொடுப்பார் போல எல்லாவற்றையும் ஒருங்கே குறைப்போர், அழகையும் இழந்து விரைவையும் பெறாது போவர்.

இரண்டாவது விதி, கண்ணின் இயல்பை அறிந்து கொடுத்தல். மனிதக் கண் கூர்மையாகக் காண்பது நடுவில் ஏறத்தாழ இரண்டு பாகை அளவான சிறுவட்டத்தை மட்டுமே. ஆதலின் நடுப்பகுதியை நுணுக்கமாகவும் ஓரங்களை எளிமையாகவும் தீட்டும் முறை தோன்றிற்று. கண்ணின் நோக்கைத் தொடர்ந்து அறியும் தலைக்கருவிகளில் இம்முறை மேலும் பயன் தருகின்றது. சிறிய படத்தைத் தீட்டிப் பயிற்றப்பட்ட நிரலால் அதனைப் பெரிதாக்கும் வழி 2018 முதல் வழக்கிலுள்ளது. ஆனால் விமானியறை அளவைகளின் நுண்ணெழுத்துக்கள் அதனாற் சிறிது மங்குதலும் உண்டு.

மூன்றாவது விதி, ஏற்றத்தாழ்வினும் நிலைபேறு சிறந்தது என்பது. ஒருபொழுது 70, மறுபொழுது 50 எனத் தடுமாறுவதினும், 45 படங்களில் உறுதியாக நிற்றல் கண்ணுக்கு இதமானது. ஒக்குலஸ் நிறுவனத்தார் 2016இல் வெளியிட்ட ஒரு முறை, 45 மெய்ப்படங்களுக்கிடையே 45 ஊகப்படங்களை நிரப்பி 90 ஆக்கிற்று. ஊகப்படங்களில் சுழலும் விசிறியின் ஓரம் போன்ற இடங்கள் நெளிந்து தோன்றினும், பயணம் தடையின்றிச் செல்லும். இவற்றைச் சோதிப்போர் ஒரே நிலையம், ஒரே வானிலை, ஒரே விமானம் எனக் கொண்டு, ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றிப் பார்த்தல் வேண்டும். அஃது ஆய்வுகூடத்தில் நாம் கற்பிக்கும் முறையே அன்றி வேறன்று.

இவ்வரலாற்றால் நாம் பெறும் முடிவு யாது? லிங்கின் இருண்ட கூடும் சதர்லாந்தின் வெறுங் கோடுகளும் இன்றைய முகில் மண்டலமும் ஒரே உண்மையைக் கூறுகின்றன. ஒப்புப்பறப்பின் உயிர்நிலை அழகில் இல்லை; காலத்தின் நேர்மையில் உள்ளது. தாழ்ந்து விடையளிக்கும் பொறி பொலிவுடையதாயினும் கைக்குப் பிழையான பழக்கத்தைக் கற்பிக்கும். விமானி அசைவைக் காணாது மேலும் திருத்துவான், பின் மிகையைக் கண்டு எதிர்ப்புறம் திருத்துவான், விமானம் ஊசலாடும். எளிய காட்சியோடு உடன் விடையளிக்கும் பொறியோ உண்மையைக் கற்பிக்கும்.

வீட்டில் ஒப்புப்பறப்பிற் பயின்றவர் விமானி ஆகிவிடார். அனுமதிப்பத்திரத்துக்குரிய பயிற்சி வேறு. ஆயினும் இப்பயிற்சி இயக்கவியலையும் கேத்திரகணிதத்தையும் கணினி இயலையும் ஒரே மேசையிற் கூட்டுகின்றது. விலையுயர்ந்த கணினி இல்லையென நம் மாணவர் சோர்வடைய வேண்டியதில்லை. சுருங்கிய வளத்தை அளந்து பகிரும் அறிவு குளங்களின் நாடாகிய வன்னிக்குப் புதியதன்று. ஒரு காலத்தில் வானத்தைக் கண்டு பதுங்கிய நிலத்திலிருந்தே அவ்வானத்தின் இயல்பைக் கணிக்கவல்ல பொறியியலாளர் தோன்றுவராயின், அதுவே இவ்வரலாற்றுக்கு நாம் எழுதும் அடுத்த அதிகாரமாகும்.