பலனைக் கொண்டுசேர்ப்பது யார்?

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து கீழக்குயில்குடிப் பக்கம் திரும்பினால் சமணர்மலை. செட்டிப்பொடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் 9, 10-ஆம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் சிற்பங்கள், வட்டெழுத்துக் கல்வெட்டுகள். சற்றுத் தள்ளி, மண்பொம்மைக்குப் பேர்போன விளாச்சேரி. உலகின் காரணம் பற்றிச் சைவ சித்தாந்தத்துக்கும் சமணத்துக்கும் இடையிலான பழைய வழக்கு ஒன்று இங்கே நின்று யோசிக்க ஏற்றது.

சைவ சித்தாந்தம் எடுத்துக்காட்டுக்குக் குயவரிடமே போகிறது. பானைக்கு மண் முதற்காரணம். சக்கரமும் தண்டும் துணைக்காரணம். வனைபவர் நிமித்த காரணம். உலகுக்கு அவை முறையே மாயை, சக்தி, சிவன். பானைக்குக் குயவர் வேண்டும் என்பதைச் சமணமும் மறுக்காது. உலகுக்குத்தான் வேண்டாம் என்கிறது: உயிரும் புற்கலம் என்னும் சடப்பொருளும் தொடக்கமற்றவை, மாறியபடியே நிலைப்பவை.

வழக்கு சூடேறுவது வினையில். செய்த வினை பலன் தரும் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. ஆனால் வினை சடம். யார் செய்தது, எப்போது, எவ்வளவு என்று அதற்கு எப்படித் தெரியும்? அறிவுள்ள ஒருவன் ஊட்டினாலன்றி அது உயிரைச் சேராது என்கிறார் சித்தாந்தி. கூர்மையான கேள்விதான். ஆனால் சமணர் இதில் திணறுவதில்லை என்பது என் கருத்து. அவர்களுக்கு வினை நுண்ணிய பொருள். ஆசையும் சினமும் உள்ள உயிரில் அது ஊற்றாகப் புகுந்து ஒட்டிக்கொள்கிறது. செய்தவனிடமே ஒட்டியிருப்பது அவனைத் தேடிப் போக வேண்டியதில்லையே.

சமணத்தின் கடுமையும் இதிலிருந்தே வருகிறது. ஊட்டுபவன் இல்லையென்றால் தள்ளுபடி செய்பவனும் இல்லை. புதுவினை புகாமல் செறிப்பு, பழையது உதிரத் தவம். இரண்டும் அவரவர் பாடு. இந்த மலையின் வெறும்பாறையில் துறவிகள் உடலை வருத்தியது பிடிவாதத்தால் அல்ல, தங்கள் காரணக் கொள்கைக்கு உண்மையாக இருந்ததால். சித்தாந்தத்தில் குருவின் தீக்கை, முன்பு சேர்ந்து கிடக்கும் சஞ்சித வினையை எரித்துவிடும். பலன் தரத் தொடங்கிவிட்ட பிராரத்தத்தை மட்டும் நுகர்ந்தே கழிக்க வேண்டும். துன்பப்படுகிறவர் காதுக்கு இது எவ்வளவு பெரிய ஆறுதல்! என் மனமும் இந்தப் பக்கமே சாய்கிறது, தர்க்கம் அந்தப் பக்கம் இழுத்தாலும்.

ஆனால் தீக்கையாக வரும் அந்த அருளும் காரணமின்றி வருவதில்லை. உயிரை மறைத்து நிற்கும் மலம் பக்குவப்பட வேண்டும். அந்தப் பக்குவத்தைத் தருவது எது? சித்தாந்தி இறைவனின் மறைப்பாற்றலான திரோதான சக்தியைக் காட்டுவார். சமணர் மறுபடியும் தவத்தையே காட்டுவார்.